தலை எது? வால் எது?

மாணவ நண்பர்களே, ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். பேனா மூடிகள் பத்தைச் சேர்த்து மேசைமேல் கொட்டுங்கள். சில இடப்பக்கம் பார்க்கும், சில வலப்பக்கம் பார்க்கும், ஒன்றிரண்டு குத்துக்குத்தாக நிற்கும். இப்போது எல்லா மூடிகளின் வாயும் ஒரே பக்கம் இருக்குமாறு வரிசையாக அடுக்குங்கள். அரை நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள், அல்லவா?

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்யுங்கள். சற்று நேரமாகும்; ஆனாலும் செய்துவிடுவீர்கள். வாய் எது, முனை எது என்று விரல்கள் தடவியே சொல்லிவிடும். மூன்றாவது முறை கண்ணையும் கட்டிக்கொண்டு, விரல்களிலும் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு செய்து பாருங்கள். இப்போது திண்டாட்டம்தான்!

தொழிற்சாலை இயந்திரத்தின் நிலை இதுதான். அதற்குக் கண் இல்லை. தடவி அறியும் விரலும் இல்லை. ஆனால் பெட்டியில் அடைப்பதற்கு முன் மூடியோ, மாத்திரையோ, திருகாணியோ ஒவ்வொன்றும் சரியான பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அதுவும் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில்! இது எப்படி நடக்கிறது?

பிஞ்சு விரல்கள் செய்த வேலை

இயந்திரத்துக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவை மனித விரல்கள். நம் நாட்டில் பல இடங்களில் அவை மிகச் சிறிய விரல்களாக இருந்தன.

தீக்குச்சி செய்யும் முறையை எண்ணிப் பாருங்கள். குச்சியின் நுனியை முதலில் உருகிய மெழுகிலும், பின்னர் மருந்துக் குழம்பிலும் தோய்க்க வேண்டும். தோய்க்கும்போது ஒரு குச்சி இன்னொன்றைத் தொட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருந்தால் ஒன்றில் மருந்து அதிகமாகும், மற்றதில் ஏறவே ஏறாது. ஆகவே குச்சிகளை ஒரே மட்டத்தில், இடைவெளி விட்டு, சட்டங்களில் அடுக்கியாக வேண்டும். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் 1980-களில் இந்த வேலையில் பல்லாயிரம் குழந்தைகள் ஈடுபடுத்தப்பட்டிருந்தார்கள். விடியுமுன்னரே பஸ்கள் கிராமங்களுக்கு வந்து அவர்களை ஏற்றிச் செல்லும். உங்கள் வயதுப் பிள்ளைகள் பலகைமுன் உட்கார்ந்து நாளெல்லாம் குச்சி அடுக்குவார்கள்.

1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயது நிரம்பாதவர்களைத் தீப்பெட்டித் தொழிலில் அமர்த்தக் கூடாது என்று தடை செய்தது. 2016-இல் அந்தச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் சிலர் சொன்ன நியாயம் ஒன்று உண்டு: "இது ஒன்றும் மூளை வேலை அல்லவே! அடுக்குவதுதானே! பிள்ளைகளே போதும்." அது மூளை வேலை அல்ல என்பது உண்மையா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஏறி வரும் திருகாணிகள்

பாட்டி முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் அரிசியைக் கையால் தள்ளுவதில்லை. முறத்தை ஒரு தினுசாக அசைக்கிறார்; அரிசி தானாகவே ஒரு பக்கம் நகர்கிறது. அசைவைக் கொண்டு பொருளை நகர்த்தும் இதே வித்தையை இயந்திரமும் செய்கிறது. அதன் பெயர் அதிர்வுக் கிண்ணம்.

பெரிய உருளி போன்ற உலோகக் கிண்ணம் ஒன்று. அதன் உட்சுவரில் அடியிலிருந்து விளிம்பு வரை ஒரு பாதை, மலைப்பாதைபோலச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. கிண்ணம் சாய்வாக நிறுத்தப்பட்ட வில்தகடுகளின்மேல் நிற்கிறது. அடியில் ஒரு மின்காந்தம் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று மாறும் மாறுதிசை மின்சாரம். ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இருமுறை உச்சத்தைத் தொடுகிறது. திசை எதுவானாலும் காந்தம் இரும்பை இழுக்கவே செய்யும். ஆகவே மின்காந்தம் வினாடிக்கு 100 முறை கிண்ணத்தை இழுத்து விடுகிறது.

வில்தகடுகள் சாய்ந்திருப்பதால் கிண்ணம் நேராக மேலும் கீழும் ஆடுவதில்லை. மேலே எழும்போது சற்று முன்னால் திருகுகிறது. கீழே இறங்கும்போது சற்றுப் பின்னால் திருகுகிறது. எழும்போது பாதை பொருளை அழுத்தித் தாங்குகிறது, உராய்வு அதிகம், பொருள் பாதையோடு சேர்ந்து முன்னே போகிறது. இறங்கும்போது பாதை பொருளின் அடியிலிருந்து நழுவுகிறது, உராய்வு குறைவு, பொருள் பின்னால் வருவதில்லை. இப்படி ஒவ்வோர் அதிர்விலும் மிகச் சிறிய ஓர் அடி. வினாடிக்கு நூறு அடிகள் சேர்ந்தால் அது ஒரு நடை! கிண்ணத்தின் அடியில் கொட்டிய திருகாணிகள் எறும்புச் சாரைபோல வரிசையாக ஏறி வருவதைப் பார்த்தால் அவற்றுக்கு உயிர் வந்துவிட்டதோ என்று தோன்றும்.

வழியில் ஒரு தேர்வு

ஏறி வருவது ஒரு பாதி வேலைதான். சரியாகத் திரும்பியவற்றை மட்டும் மேலே விடுவது மறுபாதி. அதற்குப் பாதையிலேயே சில தடைகள் வைத்திருப்பார்கள்.

முதல் தடை, பாதைக்கு மேலே குறுக்காகப் பொருத்திய ஒரு தகடு. ஒரு மூடி நுழையும் அளவுக்கே இடைவெளி இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தவையும், குத்துக்குத்தாக நிற்பவையும் தகட்டில் இடித்து மீண்டும் கிண்ணத்துக்குள் விழும்.

இரண்டாவது தடை இன்னும் சுவையானது. கிண்ணி போன்ற மூடி ஒன்று வாய் மேலே பார்க்கவும் வரலாம், வாய் கீழே கவிழ்ந்தும் வரலாம். ஓரிடத்தில் பாதையின் ஓரத்தை வெட்டிவிட்டு, நடுவில் நாக்குபோல ஒரு துண்டை மட்டும் நீட்டி விட்டிருப்பார்கள். நாக்கு, மூடியின் நடுவைத் தாண்டும். ஆனால் எதிர் விளிம்பை எட்டாது. வாய் மேலே பார்க்கும் மூடியின் அடிப்பாகம் தட்டையானது. அது நாக்கின்மேல் நன்றாக அமர்ந்து கடந்து செல்லும். கவிழ்ந்து வரும் மூடிக்கோ தரையைத் தொடுவது விளிம்பு மட்டுமே. அதன் வெளி விளிம்புக்குக் கீழே இப்போது ஒன்றுமில்லை. நாக்கு உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் பயனின்றி நிற்கும். மூடி சாய்ந்து விழுந்துவிடும்!

திருகாணிக்கு வேறு தடை. பாதையில் நீளமாக ஒரு பிளவு வெட்டிவிட்டால் போதும். தண்டு பிளவுக்குள் இறங்கும். அகன்ற தலை மேலே தங்கிவிடும். எல்லாத் திருகாணிகளும் தலை மேலாகத் தொங்கியபடி வரிசையாகப் போகும்.

தேர்வில் தவறியவற்றுக்குத் தண்டனை எதுவும் இல்லை. அவை கிண்ணத்தின் அடிக்குப் போய் மீண்டும் ஏறி வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் மறுதேர்வு எழுதலாம்!

ஆனால் இதில் ஒரு நஷ்டம் உண்டு. நிமிடத்துக்கு 120 மூடிகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏறி வருபவற்றில் நான்கில் ஒன்றுதான் சரியாகத் திரும்பியிருக்கிறது என்றால், 120 கிடைக்க 480 மூடிகள் ஏறி வர வேண்டும். அவற்றில் 360 வீணாக ஏறி விழுகின்றன. தேய்மானமும் சத்தமும்தான் மிச்சம்.

ஆகவே, ஒரு பொருள் தானாக விழும்போது எந்தப் பக்கமாக எத்தனை முறை கிடக்கிறது என்பதை முன்கூட்டியே அறிவது அவசியமாகிறது. இதை முறையாக ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் ஜெஃப்ரி பூத்ராய்டு. இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். நூற்றுக்கணக்கான உருவங்களை வகைப்படுத்தி, எந்த உருவத்துக்கு எந்தத் தடை பொருந்தும் என்று அவரும் நண்பர்களும் தொகுத்தார்கள்.

நீங்களும் இந்த ஆராய்ச்சியைச் செய்யலாம். ஒரு காலித் தீப்பெட்டியை ஒரே உயரத்திலிருந்து 100 முறை போடுங்கள். படம் ஒட்டிய அகலப் பக்கம் எத்தனை முறை, உரசும் பக்கம் எத்தனை முறை, சிறு முனைப் பக்கம் எத்தனை முறை தரையில் படிந்தது என்று நோட்டில் குறியுங்கள். பிறகு ஓர் அழிரப்பரை உள்ளே ஒரு முனையில் ஒட்டிவிட்டு மீண்டும் 100 முறை போடுங்கள். புவியீர்ப்பு மையம் இடம் மாறியதும் உங்கள் எண்களும் மாறுகின்றனவா?

தள்ளாதே, திருப்பு!

தவறியதைக் கீழே தள்ளுவதைவிடத் திருப்பி வைப்பது நல்லது அல்லவா? இதற்கு அழகான எடுத்துக்காட்டு மருந்துக் குளிகை, அதாவது கேப்ஸ்யூல்.

குளிகைக்கு இரண்டு பாகங்கள்: நீளமான உடல், குட்டையான தொப்பி. மருந்து நிரப்புவதற்கு முன் காலிக் குளிகைகள் இரண்டு பாகமும் பொருந்தியபடியே இயந்திரத்துக்கு வருகின்றன. உடல் கீழும் தொப்பி மேலுமாக நின்றால்தான் தொப்பியைக் கழற்றி மருந்தை நிரப்ப முடியும். தலைகீழாக நின்றால் மருந்து உள்ளே போகாது. நோயாளி காலிக் குளிகையை விழுங்கினால் என்ன ஆகும்! இங்கே பிழைக்கு இடமே இல்லை.

ஆனால் குளிகையின் இரு முனைகளும் ஒரே மாதிரி உருண்டையாக இருக்கின்றன. இயந்திரம் தலையை எப்படிக் கண்டுபிடிக்கும்? தொப்பி உடலின்மேல் ஏறி உட்காருவதால் அது கொஞ்சம் பருமனானது. 'பூஜ்யம்' என்ற அளவுக் குளிகையில் தொப்பியின் விட்டம் சுமார் 7.6 மி.மீ.; உடலின் விட்டம் சுமார் 7.3 மி.மீ. வித்தியாசம் ஏறத்தாழ 0.3 மி.மீ.தான்! அதுவே போதும்.

குளிகைகள் ஒவ்வொன்றாக ஒரு குறுகிய பள்ளத்துக்குள் விழுகின்றன. பள்ளத்தின் அகலம் உடலைவிடச் சற்று அதிகம். தொப்பியைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே பள்ளம் தொப்பியை லேசாகப் பிடித்துக்கொள்கிறது. உடல் பிடியின்றி இருக்கிறது. இப்போது ஓர் உலோக விரல் குளிகையின் நடுவில் பக்கவாட்டில் தள்ளுகிறது. பிடிபட்ட தொப்பி தயங்கிப் பின்தங்கும்; பிடியற்ற உடல் முன்னே சுழன்று செல்லும். தொப்பி மேலே இருந்தாலும் சரி, கீழே இருந்தாலும் சரி, முடிவு ஒன்றே: குளிகை படுத்துக்கொண்டு, உடல் முன்னேயும் தொப்பி பின்னேயுமாக வந்து நிற்கும். அடுத்த விரல் அதைக் கீழ்நோக்கி அழுத்தும்போது உடல் முந்திக்கொண்டு குழிக்குள் இறங்கும். இப்படி மணிக்குப் பல்லாயிரம் குளிகைகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஒன்றுகூடக் கீழே தள்ளப்படவில்லை. ஒன்றையும் யாரும் பார்க்கவும் இல்லை.

ஒன்பது தடைகள்

இனி நாம் காணப்போவது ஒரு புதிர். ஓர் அட்டையை வெட்டிச் சதுரம் செய்யுங்கள். அதன் ஒரு பக்கத்தின் நடுவில் மூக்குபோல ஒரு புடைப்பு நீட்டிக்கொண்டு இருக்கட்டும். இந்தத் துண்டு ஓடும் பட்டையின்மேல் படுத்தபடி மேற்கிலிருந்து கிழக்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு ஆகிய நான்கில் எந்தத் திசையையும் பார்க்கலாம். எந்தத் திசை என்று நமக்குத் தெரியாது; பார்க்கவும் வழியில்லை. பட்டையின் முடிவில் மூக்கு மேற்கே பார்த்தே ஆக வேண்டும்.

பட்டையின் தெற்கு ஓரத்தில் இரண்டு வகைத் தடைகளை வைக்கலாம்.

நீளத் தடை: துண்டின் உடலையே தொடும். எந்தத் துண்டு வந்தாலும் அதன் தெற்குப் பக்கம் தடையில் தட்டி நிற்க, வடக்குப் பக்கம் முன்னே போகும். துண்டு கடிகார முள் திசையில் கால் சுற்றுத் திரும்பும். வடக்கு கிழக்காகும், கிழக்கு தெற்காகும், தெற்கு மேற்காகும், மேற்கு வடக்காகும்.

குட்டைத் தடை: மூக்கை மட்டுமே தொடும். மூக்கு தெற்கே நீட்டியிருந்தால் துண்டு கால் சுற்றுத் திரும்பி மேற்கே பார்க்கும். மற்றவை தடையைத் தொடாமலே போய்விடும்.

இப்போது தடைகளை இந்த வரிசையில் வையுங்கள்: குட்டை, நீளம், நீளம், நீளம், குட்டை, நீளம், நீளம், நீளம், குட்டை. மொத்தம் ஒன்பது.

என்ன நடக்கிறது என்று பின்தொடர்வோம். தொடக்கத்தில் நான்கு திசைகளும் சாத்தியம். முதல் குட்டைத் தடையில் தெற்கு மட்டும் மேற்காக மாறுகிறது. மிஞ்சியவை வடக்கு, கிழக்கு, மேற்கு என மூன்று திசைகளே. அடுத்த மூன்று நீளத் தடைகளும் சேர்ந்து முக்கால் சுற்றுத் திருப்புகின்றன. வடக்கு மேற்காகிறது, கிழக்கு வடக்காகிறது, மேற்கு தெற்காகிறது. இரண்டாவது குட்டைத் தடையில் தெற்கு மீண்டும் மேற்காகிறது. மிஞ்சியவை மேற்கு, வடக்கு ஆகிய இரண்டே. மறுபடி மூன்று நீளத் தடைகள்: மேற்கு தெற்காகிறது, வடக்கு மேற்காகிறது. கடைசிக் குட்டைத் தடையில் அந்தத் தெற்கும் மேற்காகிறது. இப்போது ஒரே திசைதான் மிச்சம். எல்லா மூக்குகளும் மேற்கே!

நண்பர்களே, இங்கே நடந்ததைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். எந்த இடத்திலும் யாரும் துண்டைப் பார்க்கவில்லை. அது தொடக்கத்தில் எப்படி இருந்தது என்பது முடிவிலும் யாருக்கும் தெரியாது. தெரியாமலே அதைச் சரி செய்துவிட்டோம். கண் செய்ய வேண்டிய வேலையைத் தடைகளின் வரிசை செய்துவிட்டது.

கண்ணில்லாமல் பொருள்களைத் திருப்பும் இத்தகைய அமைப்புகளைக் கணக்கிட்டுக் கண்டுபிடிப்பது எப்படி என்று 1986-இல் பி. கே. நடராஜன் என்ற ஆய்வாளர் எழுதினார். ஆனால் இதன் பின்னாலுள்ள கணிதக் கேள்வி அதற்கும் மூத்தது. 1964-இல் அன்றைய செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த யான் செர்னி என்ற கணித அறிஞர் இதுபோன்ற அமைப்புகளை ஆராய்ந்தார். நமது புதிரில் நான்கு நிலைகள். நான்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் மூன்று. மூன்றின் வர்க்கம் ஒன்பது. ஒன்பதுக்குக் குறைந்த தடைகளால் இந்தத் துண்டை ஒழுங்குபடுத்த முடியாது. எத்தனை நிலைகள் இருந்தாலும், ஒழுங்குபடுத்த முடிந்த அமைப்பு எதற்கும், ஒன்று கழித்து வர்க்கம் எடுத்த எண்ணிக்கைக்கு மேல் தேவைப்படாது என்பது செர்னியின் பெயரால் வழங்கும் ஊகம். இதைச் சரி என்றும் யாரும் நிறுவவில்லை. தவறு என்றும் யாரும் காட்டவில்லை. அட்டையை வெட்டி விளையாடிய நீங்கள், கணித மேதைகளே இன்னும் தாண்டாத ஒரு வாசற்படியில் நிற்கிறீர்கள்!

உருவத்தைச் செய்கிறவர் கவனத்துக்கு

இப்போது தொழிற்சாலைகளில் கேமராக்கள் வந்துவிட்டன. ஓடும் பட்டையின்மேல் செல்லும் பொருளைக் கேமரா படம்பிடிக்கிறது. கணிப்பொறி திசையைக் கண்டறிகிறது. தவறாகக் கிடப்பதைக் காற்றுத் தாரை ஊதித் தள்ளுகிறது, அல்லது எந்திரக் கை எடுத்துத் திருப்புகிறது. ஆனாலும் அதிர்வுக் கிண்ணங்கள் ஓய்வு பெறவில்லை. ஒரே பொருளை ஆண்டுக்கணக்கில் திருப்பி வைக்க வேண்டிய இடத்தில் சரியாக வெட்டிய ஒரு பள்ளம் போதும். அதற்குப் புகைப்படம் வேண்டாம். கணக்குப் போடவும் வேண்டாம்.

இதிலிருந்து பொறியியலார் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஒரு பொருளை வடிவமைக்கும்போதே அது எப்படித் திருப்பப்படும் என்றும் நினைக்க வேண்டும். இரு முனையும் ஒன்றுபோல இருக்கட்டும். அப்போது திருப்பும் தொல்லையே இல்லை. மருந்து தோய்க்காத தீக்குச்சி அப்படித்தான். எந்த முனை மேலே நின்றாலும் சரி. அப்படிச் செய்ய முடியாவிட்டால், வேற்றுமை நன்றாகத் தெரியும்படி இருக்கட்டும். ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றி, உண்மையில் வேறுபட்டிருக்கும் பொருள்தான் மிகுந்த தொல்லை கொடுக்கும். இத்தகைய வடிவமைப்பு முறைகளுக்காகப் பூத்ராய்டும் அவருடன் பணியாற்றிய பீட்டர் டியூஹர்ஸ்டும் 1991-இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றார்கள்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். சிறு பொருள்களை எடுத்துத் திருப்பி அடுக்குவது மூளை வேலை அல்லவா? மின்காந்தம், உராய்வு, புவியீர்ப்பு மையம், 0.3 மி.மீ. வேறுபாடு, அறுபது ஆண்டுகளாகத் தீராத ஒரு கணித ஊகம் ஆகிய இத்தனையும் தேவைப்பட்டன, அந்த வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைக்க. ஒரு குழந்தையின் கண்ணும் கையும் மூளையும் அதை நொடிப்பொழுதில் செய்தன. அது எளிய வேலை என்பதால் அல்ல. குழந்தையின் மூளை அவ்வளவு அரியது என்பதால். அப்படிப்பட்ட மூளையை நாளெல்லாம் குச்சி அடுக்க வைத்ததுதான் தவறு. அதன் இடம் பள்ளிக்கூடம். அதன் முன் இருக்க வேண்டியவை செர்னியின் ஊகம் போன்ற கேள்விகள்.

சரி, உங்களுக்கு ஒரு கணக்கு: நமது புதிரில் மூக்கு மேற்குக்குப் பதிலாகக் கிழக்கே பார்த்து முடிய வேண்டுமானால், ஒன்பது தடைகளுக்குப் பின் எந்தத் தடைகளைச் சேர்ப்பீர்கள்? அட்டைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கண்டுபிடியுங்கள் பார்ப்போம்!